சல்காது நோனாவின் கதிரை

மரம் வெட்டும் மெஷினின் நான்காவது பிட்டும் உடைந்தபோது அசேல தாப்ரூ கத்தவில்லை. வாயைத் திறந்தான், மூடினான், வகுப்பை விட்டு வெளியே வந்தான், கேட்டுக்குப் பக்கத்துக் குழாயடியில் நின்று ஒரு கோப்பை தண்ணீரைக் குடித்தான்.

"இன்டைக்கு இது மூணாவது கோப்பை, சேர்," என்றார் காவலாளி ஜினதாச, உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல்.

"எண்ணிக்கொண்டா இருக்கிறீங்க?"

"எனக்கு வேற என்ன வேலை? மெஷின் சத்தம் நிண்டால் அடுத்த நிமிஷம் நீங்க வாறீங்க. நான் கோப்பையைக் கழுவி வச்சிடுறேன்."

இந்தத் தண்ணீர் வைத்தியம் பயிற்சி நிலையத்தின் அதிபர் வீரக்கொடி எழுதிக் கொடுத்தது. மொறட்டுவையில் மரவேலை தெரியாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் கணினியில் கதிரையை வரைந்து, ரவுட்டர் மெஷினைக் கொண்டு அதை வெட்டவைக்கப் படிப்பிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். அசேல அதில் கெட்டிக்காரன். முப்பத்து மூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை, கை நல்ல கை, வாய்தான் பொல்லாத வாய். போன வகுப்பில் பத்துப் பேர் சேர்ந்து ஆறு பேர் பாதியில் ஓடிப்போனார்கள். அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் தையல் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் அழுதுவிட்டார்கள். அவர்களுக்கும் அவன் கோபத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அதற்குப் பிறகுதான் அதிபர் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"தாப்ரூ, மூணு வருஷமா நீங்க தற்காலிகம். உங்கட நிரந்தர நியமனக் கடிதம் என்ட மேசை லாச்சிக்குள்ள இருக்கு. இந்த முறை பத்துப் பேர் சேர்ந்தால் பத்துப் பேரும் பாஸ் பண்ணணும். ஒருத்தர் அழுதாலும் சரி, ஒருத்தர் பாதியில நிண்டாலும் சரி, கடிதம் லாச்சிக்குள்ளேயே கிடக்கும். கோபம் வந்தால் வெளியில போய்த் தண்ணி குடிங்க."

பத்தில் ஒன்பது பேரால் அசேலவுக்குத் தாகம் எடுத்ததே இல்லை. பத்தாவது ஆள் சல்காது வீட்டு அம்மா, எல்லோருக்கும் சல்காது நோனா.

நோனாவுக்கு அறுபது வயதிருக்கும். வெள்ளைப் புடைவை, கழுத்தில் கண்ணாடி, கையில் எப்போதும் மீன் பனிஸ் பொட்டலம். சேர்ந்த அன்று, "சும்மா வீட்டுல இருந்து என்ன செய்யிறது சேர், ஒண்டைப் பழகுவோம் எண்டு வந்தேன்," என்றார். அந்தப் பேச்சைக் கேட்டு அசேலவின் மனம் இளகிப் போனது. பாவம், நல்ல அம்மா என்று நினைத்தான். முதல் கிழமைக்குள் அந்த நினைப்பு ஓடி ஒளிந்துகொண்டது.

அவன் தண்ணீர் குடித்துவிட்டு வகுப்புக்குத் திரும்பினான். நோனா உடைந்த பிட்டை உள்ளங்கையில் வைத்துக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெஷின் சுத்தத் தொடங்க முந்தியே இறக்கிட்டேன் போல, சேர்."

"போல இல்ல, நோனா. அப்பிடித்தான்."

"நேற்றும் அப்பிடித்தானே?"

"நேற்றும். முந்தாநாளும். முதல்ல சுத்தணும், பிறகு இறங்கணும். திரும்பச் சொல்லுங்க."

"முதல்ல இறங்கணும்..."

அசேல மறுபடி வெளியே போனான். ஜினதாச கோப்பையைக் கழுவி வைத்திருந்தார்.

மறுநாள் நோனா ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே எட்டுப் பிட்கள். நிலையத்தில் இருந்தவற்றைவிட நல்ல சாமான், அளவும் அச்சொட்டாகச் சரி. "தங்கச்சியிட மகன் கடையில எடுத்துத் தந்தான். உடைச்ச ஆள்தானே குடுக்கணும்," என்றார். இப்படிப்பட்ட மனுஷியைப் பார்த்து எப்படிக் கத்துவது? அசேல பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு நன்றி சொன்னான்.

ஆறு கிழமை வகுப்பின் கடைசியில் ஒவ்வொருவரும் ஒரு கதிரை செய்து காட்ட வேண்டும். கணினியில் வரைந்து, மெஷினில் வெட்டி, ஆணியும் பசையும் இல்லாமல் பூட்ட வேண்டும். அதுதான் பரீட்சை. இரண்டாம் கிழமை எல்லோரும் இருக்கைப் பலகையை வெட்டிப் பார்த்தார்கள். நோனா தன் அளவைத் தாளில் எழுதி வந்திருந்தார்: பதினாறு அங்குலம் மூன்று நூல். மொறட்டுவையில் அங்குலத்தை எட்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் நூல் என்பார்கள். மெஷினுக்கு அது தெரியாது, அதற்குத் தெரிந்ததெல்லாம் மில்லிமீட்டர். நோனா 16.3 என்று தட்டிப் பச்சைப் பட்டனை அமுக்கினார்.

மெஷின் ஒரு நிமிஷம்கூட ஓடவில்லை. வெட்டி முடித்தது கிரீம் கிராக்கர் பிஸ்கட்டில் பாதிகூட வராத ஒரு சதுரம்.

நோனா அதை விரல்நுனியில் எடுத்துப் பார்த்தார். "இதுல யார் சேர் இருக்கிறது?"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. அசேலவும் சிரித்தான் என்றுதான் சொல்ல வேண்டும், பல்லைக் கடித்தபடி முகத்தை அகட்டினால் அதுவும் சிரிப்புத்தான். "பரவாயில்ல நோனா. உங்களுக்கு வசதியா கணினியை அங்குலத்துக்கு மாத்தி வச்சிடுறேன்," என்றான்.

அங்கேதான் பிழை விட்டான். நோனாவுக்கு அடுத்து அந்தக் கணினிக்கு வந்தவன் ருக்மல், வகுப்பிலேயே சூட்டிகையான பையன். எப்போதும்போல் நானூறு என்று தட்டினான். அவன் நினைத்தது நானூறு மில்லிமீட்டர், மெஷினுக்கு விளங்கியது நானூறு அங்குலம். முப்பத்து மூன்று அடி அகலத்தில் கதிரை செய்யப் புறப்பட்டது மெஷின். தலை விர்ரென்று ஓடியது, இன்னும் ஒரு சாண் போனால் இரும்புச் சட்டத்தில் போய் மோதியிருக்கும். அந்த நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு பனிஸ் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த நோனாவின் இடது கை பின்னால் நீண்டு சிவப்புப் பட்டனில் பட்டது. மெஷின் நின்றது.

"ஐயோ, கை பட்டுட்டுது சேர். ஏதும் கெட்டுப் போச்சா?"

"இல்ல நோனா," என்றான் அசேல, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. "இன்டைக்கு உங்கட கை பட்டது நல்லதுக்குத்தான்."

கணினியை மில்லிமீட்டருக்கே மாற்றினான். நோனாவுக்காக ஒரு பெரிய தாளில் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினான். ஒரு நூல் என்றால் மூன்று தசம் ஒன்று ஏழு ஐந்து மில்லிமீட்டர், இரண்டு நூல் என்றால் இவ்வளவு, மூன்று நூல் என்றால் இவ்வளவு. அழகாக, சிவப்பு மையில் கோடு போட்டு எழுதினான்.

மற்ற ஒன்பது பேரும் அதுவரை மில்லிமீட்டரோடு சமாதானமாக இருந்தவர்கள். அட்டவணையைப் பார்த்ததும் அவர்களுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. அப்பனும் மாமனும் நூல் கணக்கில் பேசக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் ஆயிற்றே. மூன்றே நாளில் வகுப்பு முழுக்க நூலுக்கு மாறியது. அப்படியானால் அட்டவணையையாவது பார்த்துத் தட்ட வேண்டுமல்லவா? பார்க்கவில்லை. அங்குலத்தை மட்டும் மில்லிமீட்டராக்கி, ஐந்து நூலைத் தசம் ஐந்து என்று தட்டினார்கள். பத்துக் கதிரையில் ஒன்றிலும் கால் துளைக்குள் இறங்கவில்லை.

"சேர், மெஷின் பிழை போல," என்றான் சூட்டிகையான ருக்மல்.

அசேல அட்டவணையைக் கிழித்தான், மெதுவாகத்தான் கிழித்தான். அன்று ஏழு கோப்பை.

"இப்பிடிக் குடிச்சா சேர், கிணறு வத்திப் போகும்," என்றார் ஜினதாச. "அந்த நோனா நிண்டுட்டா நல்லதுதானே?"

"நிண்டா என்ட வேலையும் நிண்டு போகும்."

மூன்றாம் கிழமை நோனா போயா எனும் பௌர்ணமி நாளில் விகாரைக்குப் போய்விட்டு வந்தார். இவ்வளவு பிழை நடப்பதற்கு மெஷினுக்குக் கண்ணூறு பட்டிருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருந்தது. அங்கிருந்த பிக்கு ஹாமுதுருவிடம் ஓதிக் கட்டும் பிரித் நூல் வாங்கிவந்து, அசேல தேநீர் குடிக்கப் போன நேரம் பார்த்து மெஷினின் தலையில் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டார். அசேல வந்து பச்சைப் பட்டனை அமுக்கினான். நிமிஷத்துக்குப் பதினெட்டாயிரம் தரம் சுற்றும் தலை அது. பிரித் நூல் முழுவதையும் ஒரே மூச்சில் உள்ளே இழுத்துக்கொண்டு முனகி நின்றது.

"ருக்மல், கத்தியை எடுத்து அதை வெட்டி விடு."

ருக்மல் இரண்டடி பின்னால் போனான். "பிரித் நூலையா சேர்? என்னால ஏலாது."

"வேற யாரும்?"

யாரும் நகரவில்லை. அசேல கத்தியைத் தானே எடுத்தான். ஓதிக் கட்டிய நூல் அவனையே பார்ப்பதுபோல் இருந்தது. கத்தியைக் கீழே வைத்தான். மூடியைக் கழற்றி, தலையைப் பிரித்து, சாமணத்தால் நூலை இழை இழையாக இழுத்தெடுக்க இரண்டு மணித்தியாலம் பிடித்தது. நோனா பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தார்.

"மெஷின்ல கட்டக் கூடாதெண்டா வேற எங்க கட்டுறது சேர்?"

"சுத்தாத இடமாப் பாத்துக் கட்டுங்க நோனா," என்றான் அசேல, களைத்துப்போய்.

சுற்றாத இடம் என்று நோனா தேர்ந்தெடுத்தது சிவப்புப் பட்டனை. அதன் பிறகு ஆபத்துக்கு அந்தப் பட்டனை அமுக்க வகுப்பில் ஒருவருக்கும் கை போகவில்லை. பலகை ஒன்று நழுவிப் பறந்து ஜன்னல் கண்ணாடியை உடைத்தபோதுகூட எல்லோரும் கைகூப்பி நின்றார்கள். கடைசியில் நூலை அவிழ்த்துத் தன் கையிலேயே கட்டச் சொல்லி அசேல கையை நீட்டினான். "இது சுத்தாது, ஓடாது, இதுல கட்டுங்க," என்றான். நோனா மூன்று முடிச்சுப் போட்டு, தலையில் கைவைத்து ஆசீர்வாதமும் செய்தார்.

பலகை ஏன் நழுவியது? பலகையை அசையாமல் பிடிக்கும் கட்டையை இறுக்க நோனா மறந்திருந்தார். அதற்கு மாற்றாக இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பை அசேல கொடுத்தான். நோனா ஒரு சுருள் முழுவதையும் ஒரே பலகைக்கு ஒட்டினார். வெட்டி முடிந்ததும் பலகை வரவில்லை. நான்கு பேர் சேர்ந்து இழுத்தார்கள், மெஷினின் அடிப்பலகையும் சேர்ந்து வந்தது. அதைத் திரும்பப் போட்டு மட்டம் பார்த்துச் சீவி எடுப்பதற்குள் ஒரு நாள் முழுதாகப் போயிற்று.

ஐந்தாம் கிழமை அசேல அதிபரின் அறைக்குப் போனான். "சேர், ஒன்பது பேர் போதாதா?"

அதிபர் லாச்சியைக் கொஞ்சம் திறந்து, கடிதத்தின் ஓரத்தைக் காட்டி, மூடிவிட்டார்.

அன்றிலிருந்து வகுப்பு முடிந்ததும் ஒரு மணித்தியாலம் நோனாவுக்குத் தனிப்பாடம். மெஷினுக்கு ஆரம்பப் புள்ளி காட்டுவதைத்தான் சைபர் வைப்பது என்பார்கள், நோனா அதை ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

"சைபர் எண்டா கட்டுபெத்தைச் சந்தி மாதிரி, நோனா. பஸ் எங்க போனாலும் தூரத்தை அங்க இருந்துதான் எண்ணணும்."

"நான் கட்டுபெத்தையில ஏறுறதில்லயே சேர். ராவத்தாவத்தையிலதான் ஏறுறேன்."

அசேல தண்ணீரை நினைத்தான், எழுந்து போகவில்லை. "சரி, ராவத்தாவத்தை. அங்க இருந்தே எண்ணுவோம். ஆனா ஒவ்வொரு நாளும் அங்கேயே ஏறணும். நாளைக்கு எகொடஉயனையில ஏறக் கூடாது."

"நாளைக்கு மகளோட காரில வருவேன்."

"காரில வந்தாலும் சைபர் ராவத்தாவத்தைதான், நோனா."

அப்படிச் சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது, அந்தச் சிரிப்புக்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கவில்லை. நோனா கண்ணாடிக்கு மேலாக அவனை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"சேர், வீட்டுலயும் இப்பிடித்தானா? அம்மாவோட சத்தம் போட்டுக் கதைக்கிறதில்லயா?"

"அம்மா கதைக்க இடம் தந்தாத்தானே நோனா, சத்தம் போடுறதுக்கு."

நோனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பனிஸ் பொட்டலத்தைப் பிரித்து அவனுக்கு ஒன்றைக் கொடுத்தார். இருவரும் மெஷின் ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்தக் கிழமை முழுவதும் ஜினதாச கழுவிய கோப்பை காய்ந்தபடியே இருந்தது.

பரீட்சை வெள்ளிக்கிழமை பத்தரைக்கு வைக்கப்பட்டது. கொழும்பிலிருந்து பரீட்சகர் வந்து இறங்கினார், தடித்த மனிதர், கையில் தடித்த கோப்பு. பெயர்ப் பட்டியலில் முதல் பெயர் சல்காது. நோனா எழுந்து மெஷினுக்குப் பக்கத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தொடங்குங்க," என்றார் பரீட்சகர்.

"வெள்ளிக்கிழமை பத்தரையில இருந்து பன்னெண்டு வரைக்கும் ராகு காலம், சேர். பரீட்சைக் கதிரையை ராகுவில தொடங்க மாட்டேன்."

அசேல அதிபரின் அறைப் பக்கம் பார்த்தான். லாச்சி மூடும் சத்தம் அவன் காதில் கேட்டது. "அப்ப அடுத்த ஆள்," என்று அவசரமாகச் சொன்னான். அடுத்த ஆள் ருக்மல், அவனும் கையைக் கட்டிக்கொண்டான். அதற்கடுத்தவரும் கட்டிக்கொண்டார். அதுவரை ராகுவைப் பற்றி நினைத்தே பார்க்காத ஒன்பது பேருக்கும் நோனா ஞாபகப்படுத்திய பிறகு யாருக்குத் துணிச்சல் வரும்?

அசேல பரீட்சகரிடம் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தான். பரீட்சகர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கோப்பினை மூடினார். "எனக்கு ஞாபகமே இல்லாமப் போச்சு. நானும் இந்த நேரத்துல ஒண்டிலயும் கையெழுத்து வைக்கிறதில்ல. எங்கேயாவது ஒரு பிளேன்டீ கிடைக்குமா?" என்றார்.

பன்னிரண்டு மணி ஒரு நிமிஷத்துக்கு நோனா தொடங்கினார். அசேல கண்ணை மூடிக்கொண்டான். முதலில் சுற்றணும், பிறகு இறங்கணும் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே இருந்தான். பிட் உடையும் சத்தத்துக்காகக் காத்திருந்தான், அது வரவில்லை. கண்ணைத் திறந்தான். நோனா பலகையை இரண்டே கட்டையால் இறுக்கி, சைபர் வைத்து, தாளையும் பார்க்காமல் அளவுகளைத் தட்டிக்கொண்டிருந்தார். மெஷின் தாலாட்டுப் பாடுவதுபோல் ஒரே சீராக ஓடியது. அது ஓடுகையில் நோனா அடுத்த பலகையைத் தயாராக்கி வைத்தார். அரை மணித்தியாலத்துக்குள் பதினொரு துண்டுகள். உள்ளங்கையால் ஒரு தட்டு, அடுத்த தட்டு, கதிரை எழுந்து நின்றது.

பரீட்சகர் அதைப் புரட்டிப் பார்த்தார். ஒரு பூட்டிலும் தாள் நுழையும் இடைவெளி இல்லை. தடித்த மனிதர் தொப்பென்று அதில் உட்கார்ந்தார், ஆடிப் பார்த்தார். கதிரை ஒரு முனகல்கூட விடவில்லை.

"பதினாறு வருஷமாப் பரீட்சை நடத்துறேன், பயிலுநர் செய்த கதிரையில நான் நம்பி இருந்தது இதுதான் முதல் தரம்," என்றார். "யார் உங்களுக்குப் படிப்பிச்சது?"

"எங்கட சேர்தான்," என்றார் நோனா, அசேலவைக் காட்டி. "எத்தனை பிழை விட்டாலும் ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல. சொந்தப் பிள்ளைகூட இவ்வளவு பொறுக்காது."

மற்ற ஒன்பது பேரும் பாஸ். அதிபர் லாச்சியை முழுவதாகத் திறந்து கடிதத்தை எடுத்துக் கையில் கொடுத்தார், முதுகில் தட்டினார். தையல் வகுப்புப் பிள்ளைகள் பாற்சோறு கொண்டுவந்து பரிமாறினார்கள். அசேல இரண்டு துண்டு சாப்பிட்டான். கோபம் என்கிற சாமானை இத்தனை வருஷமும் எதற்குச் சுமந்துகொண்டு திரிந்தோம் என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது.

ஆறரை மணிக்கு நோனாவை ஏற்றிப்போகக் கார் வந்து கேட்டில் நின்றது. ஓட்டும் இடத்தில் ஒரு பெண் இருந்தாள், அசேலவைப் பார்த்துவிட்டுச் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். நோனா கதிரையைப் பின்னால் ஏற்றச் சொல்லிவிட்டு வந்தார்.

"சேர், ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு எங்கட வீட்டுக்கு வரணும். அம்மாவையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்க."

"என்னத்துக்கு நோனா இவ்வளவு சிரமம்?"

"படிப்பிச்ச ஆளுக்குச் சோறு போடுறது சிரமமா?"

கார் காலி வீதிப் பக்கம் திரும்பி மறையும்வரை அசேல கையசைத்துக்கொண்டு நின்றான். நிறைந்த மனத்தோடு ஜினதாசவுக்குப் பக்கத்தில் வந்து சுவரில் சாய்ந்தான்.

"பாத்தீங்களா ஜினதாச, பொறுமை எண்டா அதுதான் பொறுமை. ஆறு கிழமைக்கு முந்தி அந்த நோனாவுக்குப் பச்சைப் பட்டன் எது, சிவப்புப் பட்டன் எதுண்டு தெரியாது. ஒண்டுமே தெரியாத மனுஷியை நான் எங்க கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன் பாருங்க."

ஜினதாச அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"சேர், என்ட பொஞ்சாதி பாலிஷ் போடுறது அந்த நோனாட வேர்க்‌ஷொப்புலதான், அங்க இந்த மெஷின் நாலு ஓடுது, நாலிலயும் வேலையாட்களைப் பழக்கினது நோனாதான், உங்கட அம்மா குடுத்துவிட்ட உங்கட ஜாதகமும் அவங்கட மகள்ட ஜாதகமும் எல்லாம் பொருந்திட்டுதாம், மாப்பிள்ளைக்குக் கோபம் எவ்வளவு எண்டது மட்டும் அதுல எழுதியிருக்கல்லயாம்."